வளவில் நின்ற நாய்

எங்கள் வீட்டில் பூனைக்கு ஒரு சட்டம், நாய்க்கு ஒரு சட்டம். பூனை தொழுகைப் பாயில் சுருண்டு படுக்கும். வாளித் தண்ணீரில் அது வாய் வைத்தாலும் அந்தத் தண்ணீரிலேயே தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கலாம். நாய்க்கு இடம் கடப்படியில்தான், அதாவது வேலி வாசலுக்குப் பக்கத்தில். அதன் எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த நாய் காய்ந்த கையில் பட்டால் கழுவத் தேவையில்லை என்று குர்ஆன் ஓதப் போன காலத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் தெருவில் அது யாருக்கு நினைவிருந்தது? நாயைக் கண்டால் நான்கு முழம் தள்ளி நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் ஆனது. எங்கள் பக்கத்து வழக்கப்படி உம்மா கட்டித் தந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். அவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். முதல் வருடம் வேளாண்மை வெட்டி முடிந்து நெல் மூட்டைகளோடு உழவு இயந்திரம் வீட்டுக்கு வந்தபோது, அதன் பின்னாலேயே ஒரு செம்பட்டை நாயும் ஓடி வந்தது. வயல் குடிசையில், வாடியில் காவலுக்குக் கிடந்ததாம். மூட்டைகளை இறக்கினார்கள், இயந்திரம் போய்விட்டது, நாய் போகவில்லை. கடப்படி முருங்கையின் கீழே படுத்துக்கொண்டது.

யாரும் அதைக் கூப்பிடவில்லை, துரத்தவும் இல்லை. நான் வேலியோரம் ஒரு உடைந்த சட்டியை வைத்து மிஞ்சின சோற்றைக் கொட்டுவேன். நான் குசினி அடுப்புக்குத் திரும்பிய பிறகுதான் அது எழுந்து வந்து தின்னும். கிணற்றைத் தாண்டி அது ஒரு நாளும் வந்ததில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று யார் அதற்குச் சொன்னது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பூனையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. வாலை விசுக் விசுக்கென்று அடித்தால் தொடக்கூடாது. கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் நம்பிக்கையோடு இருக்கிறது. வழக்கமாகக் காலைச் சுற்றும் பூனை அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளித்தால் எங்கேயோ நோகிறது. ஒருமுறை அப்படி ஒளித்தபோது தூக்கிப் பார்த்து, காதுக்குள் புண் இருப்பதைக் கண்டு மருந்து வாங்கிப் போட்டேன். நாயைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் பார்த்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நாக்கால் மூக்கை நக்கும். கள்ளப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று எங்கள் தெருவால் போனது. சந்தியில் நாய்களுக்கு வெறி பிடிக்காமல் இருக்க விசர் நோய் ஊசி போடுகிறார்கள், இலவசம், கொண்டுவாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டியா புள்ள? நாயக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு சந்திக்குப் போகட்டாம். ஊரு சிரிக்கும்!"

நானும் சிரித்தேன். எங்கள் தெருவில் ஒன்பது பத்து நாய்கள் இருந்தன. எல்லா வீட்டுச் சோற்றிலும் வளர்ந்தவைதான். ஆனால் எந்த வீட்டு நாயும் இல்லை, எல்லாம் 'வளவில் நிற்கிற', வீட்டு முற்றத்தோடு நின்றுவிடுகிற நாய்கள். ஆகவே ஒன்றுகூட ஊசிக்குப் போகவில்லை.

சில மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பான் இறைச்சி வீடு வீடாகப் பங்கு வர, அடுப்பு மூன்று நாள் அணையவில்லை. குழம்பாக ஆணம் காய்ச்சி மிஞ்சிய எலும்புகளை நான் தாராளமாக நாயின் சட்டியில் கொட்டினேன். பெருநாள் அதற்கும்தானே என்று ஒரு சந்தோசம்.

மூன்றாம் நாள் காலையில் நாய் வாயை மூடாமல் நின்றது. கீழ்த்தாடை தொங்க, நூல் நூலாய் வாணீர் வடிந்தது. குரைக்கப் பார்த்தது, கரகரவென்று ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. ராத்தா தன் வளவிலிருந்தே கத்தினார்.

"விசர் புடிச்சிட்டு! புள்ளய உள்ளுக்கு எடு!"

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. முதல் நாள் பின்னேரம் அவள் அந்த முருங்கைக்குக் கீழேதான் மண் அளைந்து விளையாடினாள். அவளைத் தூக்கி வந்து உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். கீறல் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு யன்னலால் பார்த்தேன். நாய் தண்ணீர்ச் சிரட்டைக்குப் போனது, மூக்கை வைத்தது, குடித்த தண்ணீர் எல்லாம் வாயால் வெளியே ஊற்றுப்பட்டது. பிறகு முன்னங்காலால் வாயைச் சுரண்டியது. திரும்பத் திரும்பச் சுரண்டியது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. அந்த நாயை ஒரு நாளும் கல்லால் எறிந்தவரும் அல்ல. ஆனால் விசர் நாய் கடித்து மௌத்தான ஒருவரை அவர் சின்ன வயதில் கண்டிருக்கிறார், அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை.

"வயல்ல காட்டுப் பண்டி சுடத் துவக்கு வெச்சிருக்கிற கூட்டாளி ஒராள் இரிக்காரு. கூட்டிக்கிட்டு வாறன். பகல் லுஹர் தொழுகைக்கு முன்ன முடிச்சிருவம்."

மச்சான் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். "மச்சான், டொக்டர ஒருக்காக் கேட்டுட்டு..." என்று தொடங்கினேன்.

"புள்ள பெரிசா, நாய் பெரிசா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஆனால் அந்தச் சுரண்டல் என் கண்ணிலேயே நின்றது. காதில் புண் வந்தபோது எங்கள் பூனையும் இப்படித்தான் காதைச் சுரண்டியது. மகளை ராத்தாவிடம் விட்டு, கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மாட்டு டொக்டரின் கந்தோருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மிருக வைத்தியரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தம்பிலுவில் பக்கத்து மனிதர், நிதானமாகக் கதைப்பவர்.

"உங்கட நாயா தங்கச்சி?"

"இல்ல டொக்டர். எங்கட வளவுல நிக்கிற நாய்."

"எத்தின வருசமா நிக்குது?"

"நாலஞ்சு வருசம்."

"சோறு ஆர் போடுற?"

"நான்தான்."

"அப்ப ஆர்ட நாய்?"

ஊசி போட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். வெட்கமாக இருந்தது. சந்திக்கும் எங்கள் வீட்டுக்கும் நூறு பாகம் தூரம்கூட இல்லை. தண்ணீர் குடிக்கப் போய் ஏலாமல் நின்றதையும் வாயைச் சுரண்டியதையும் சொன்னேன். எலும்பு தின்றதா என்று கேட்டபோது பெருநாள் சட்டியைச் சொன்னேன். அவர் உடனே எழுந்துவிட்டார்.

"எலும்பு மாட்டியிருந்தாலும் இப்பிடித்தான் நிக்கும். விசர் எண்டாலும் இப்பிடித்தான் நிக்கும். பாக்காமச் சொல்ல ஏலாது. தண்ணிக்குப் போகுது, அப்ப விசர் இல்ல எண்டு நினைச்சிராதீங்க. நான் வரும் வரைக்கும் ஆரும் கிட்டப் போகப்படாது. வாய்க்குள்ள கை வைக்கவே படாது."

அவருடைய மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால் போய்விட்டது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கடப்படியில் மூன்று ஆண்கள் நின்றார்கள். டொக்டர், என் வீட்டுக்காரர், தோளில் துவக்கோடு அவருடைய கூட்டாளி. நாய் வேலி மூலையில் ஒடுங்கிப் போய், வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு நின்றது. டொக்டர் அரை மணித்தியாலம் தரச் சொல்லிக் கேட்டார். என் வீட்டுக்காரர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சரி என்றார்.

டொக்டர் தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டார். நீளத் தடி ஒன்றில் கயிற்றுச் சுருக்கு வைத்து நாயின் கழுத்தில் மாட்டி, முருங்கையின் கவட்டால் இழுத்துத் தலையை அசையாமல் பிடித்தார். தள்ளி நின்று டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிடக்கு," என்றார். "மேல் அண்ணத்துல குறுக்கால இறுகிக் கிடக்கு. நாயத் தெரிஞ்ச ஒராள் பின்னால நிண்டு கழுத்தப் புடிக்கணும். தெரியாத ஆள் புடிச்சா இன்னும் பயப்படும், கடிக்கும்."

நாயைத் தெரிந்தவர் யார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் கீறல், காயம் இருக்கிறதா என்று டொக்டர் புரட்டிப் பார்த்தார். இல்லை. சாக்குத் துண்டு ஒன்றைக் கையில் சுற்றித் தந்தார்.

"புள்ள, தொடாத!" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "வாணீர் ஊத்துது, முழுக்க நஜீஸ், அசுத்தம்!"

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடங்காது.

"ஏழு தரம் கழுவச் சொல்லியிரிக்கு மச்சான், தொடவே படாதெண்டு சொல்லல்ல. ஆரும் தொட மாட்டாங்க எண்டா எதுக்குக் கழுவச் சொன்ன?"

கூட்டாளி துவக்கைத் தோளிலிருந்து இறக்கி வேலியில் சாத்தினார்.

நான்கைந்து வருடம் சோறு போட்ட நாயை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். சாக்குக்கு மேலாலேயே அதன் சூடு தெரிந்தது. விலா எலும்பு எல்லாம் கையில் தட்டுப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்து நல்ல கொழுத்த நாய் என்று நான் எண்ணியிருந்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பியது, மூக்கை நக்கப் பார்த்தது.

"கள்ளம் காட்டுது," என்றேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

"கள்ளமில்ல தங்கச்சி. சண்டைக்கு வரல்ல எண்டு சொல்லுது. பயந்த நாய் அப்பிடித்தான் செய்யும்."

அப்போது நான் அழுதேன். இத்தனை வருடமாக அது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

டொக்டர் ஒரு மரத்துண்டைப் பற்களுக்கு இடையில் கொடுத்து, குறடு போன்ற ஒன்றை உள்ளே விட்டு, ஒரு நெம்பு நெம்பினார். நாய் ஒரு முறை வீரிட்டது. சின்ன விரல் நீளத்தில் ஒரு விலா எலும்புத் துண்டு மண்ணில் விழுந்தது. அதோடு நாயின் வாயிலிருந்த அத்தனையும் என் முழங்கை வரைக்கும் வழிந்தது. வாய் மூடியது. சுருக்கைத் தளர்த்தியதும் அது நேரே சிரட்டைக்குப் போய்த் தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தது. இரண்டாம் சிரட்டையும் குடித்தது.

அவித்த எலும்பு உடைந்து ஊசியாகக் குத்தும், இனிப் போட வேண்டாம் என்றார் டொக்டர். ஊசி போடாத நாய் என்பதால் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார், பிள்ளையைக் கிட்ட விடக் கூடாது என்றார். என் கையைக் காட்டி, "உங்கட ஆக்கள்ற கழுவல் நல்ல கழுவல். சவுக்காரமும் போடுங்க. ஆரையும் நாய் கடிச்சா அந்த இடத்தையும் இப்பிடித்தான் ஓடுற தண்ணியில நல்லாக் கழுவணும். கழுவினதோட நிக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்," என்றார்.

கிணற்றடிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே அங்கே நின்றார். ஒரு சிரட்டையில் சுத்தமான மண் அள்ளி வைத்திருந்தார். வாளியால் தண்ணீர் ஊற்றினார், ஒன்று, இரண்டு என்று தானே எண்ணினார். ஏழு முடிந்ததும் அந்தச் சிரட்டையைக் கவிழ்க்காமல் கிணற்றுக் கட்டில் ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு அது அங்கேயே இருந்தது, மண் குறைந்தால் யாராவது போட்டு வைப்போம்.

பத்து நாளும் நான் யன்னலடியில் குந்தியிருந்தேன். எட்டாம் நாள் நாய் ஒரு காகத்தைப் பார்த்துக் குரைத்தது. வீட்டுக்குள்ளிருந்து மகள் கைதட்டினாள்.

அடுத்த முறை ஜீப் வந்தபோது நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனேன். ராத்தா சொன்னது போல ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் சும்மா துணைக்கு வருவதாகச் சொல்லி நாலு அடி பின்னால் வந்தார். பாதி வழியில் நாய் வாகனச் சத்தத்துக்கு வெருண்டு இழுக்க, கயிற்றை அவர் வாங்கிக்கொண்டார்.

மேசையில் ஒரு கிளார்க் பெரிய கொப்பியோடு இருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஆர்ட நாய்?"

என் வாயில் பழைய பதில் வந்துவிட்டது. எங்கட வளவுல நிக்கிற...

"எங்கட நாய்," என்றார் என் வீட்டுக்காரர். "எழுதுங்க." தன் பெயரைச் சொன்னார், தன் வாப்பாவின் பெயரையும் சொன்னார், வீட்டு இலக்கத்தையும் சொன்னார்.

ஊசி போடும்போது நாய் அவருடைய இடது கையை நக்கிவிட்டது. அவர் கையை உதறவில்லை. கட்டியிருந்த சாரத்தில் படாமல் அதைத் தூரப் பிடித்துக்கொண்டு, வலது கையில் கயிற்றோடு, வீடு வரைக்கும் நடந்து வந்தார். கடப்பைத் தாண்டியதும் கிணற்றடியைக் காட்டி, "புள்ள, வாளியப் போடு," என்றார்.