நொடிக்கு எத்தனை புள்ளி

அடையாறில் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்குப் புதிய டிடெக்டர் வந்தது. சோதனைக்கு வரும் சமையல் எண்ணெயை ஒரு திரவத்தில் கலந்து மெல்லிய குழாய்க்குள் அழுத்தி அனுப்புவோம். அதிலுள்ள பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும். ஒளி பட்டால் அவற்றில் சில ஒளிரும். அந்த ஒளிர்வை அளப்பது டிடெக்டர். பழையது வரைபடத்தில் நொடிக்கு ஒரு புள்ளி வைத்தது, புதியது ஐம்பது. இரண்டு நொடி இடைவெளியில் வரும் இரு பொருள்கள் பழையதில் ஒரே மேடாகத் தெரிந்தன, புதியதில் இரண்டு கூர்முனைகளாக.

"இன்னா மச்சி, பரங்கிமலை பக்கத்துல பல்லாவரம் மலையும் தெரியுது!" என்றான் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன். சிந்தாதிரிப்பேட்டைக்காரன்.

கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூட்டிக்கொள்ளும். யார் கையுறையைக் கழற்றியிருக்கிறாரோ அவர் திறந்துவிடுவார். அதனால் அவன் பாஸ்வேர்ட் எனக்கும், என்னுடையது அவனுக்கும் தெரியும். அது விதிமீறல். எங்களுக்கு லாகின்தான் கையெழுத்து.

ஒரு புதன்கிழமை, ஒரு கம்பெனியின் எண்ணெயில் இரண்டாவது முனை வரம்பைத் தாண்டியது. புற்றுநோய் தரும் பொருள். அவனிடம்தான் முதலில் சொன்னேன். அவன் மனைவியின் அண்ணன் அந்தக் கம்பெனியில் விற்பனை அதிகாரி என்பதும் எனக்குத் தெரியும். மறுநாள் நான் லீவு. தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகர் போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தபோது, 'வரம்புக்குள் உள்ளது' என்று என் பெயரில் அறிக்கை போய்விட்டிருந்தது. வரைபடத்தில் ஒரே மேடு, இரண்டாவது முனை அதற்குள் மறைந்திருந்தது. யாரோ நொடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றி ஓட்டியிருந்தார்கள்.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன்.

"நீயா ஓட்டுன?"

"அவசரம்னாங்க. கோடு ஸ்மூத்தா வரட்டும்னு வச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

"என் லாகின்ல ஏன்டா?"

"அதான் தொறந்துகினு இருந்துச்சே."

கணினியின் லாகின் பதிவேட்டைப் பார்த்தேன். நான் புதன் மாலை ஐந்தே முக்காலுக்கு வெளியேறியிருந்தேன். வியாழன் காலை பதினொன்று முப்பத்திரண்டுக்கு என் பாஸ்வேர்ட் அடிக்கப்பட்டிருந்தது.

நான் ஓட்டாத அறிக்கை என் பெயரில் போயிருக்கிறது என்று தர மேலாளரிடம் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் அழைத்தார். "அன்னிக்கு இவர் லீவு. அப்போ மிஷின்ல யார் இருந்தது?" என்று கேட்டார். அவன் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன்.

"தெரியாது மேடம். நான் கீழ சாம்பிள் ரூம்ல இருந்தேன்."

குரலில் பிசிறில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மீதி எண்ணெயை மேலாளர் முன்னாலேயே நொடிக்கு ஐம்பது புள்ளியில் ஓட்டினேன். இரண்டு முனைகள் தனித்தனியாக நின்றன. அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம் என் பெயரில் போனது. விதி அப்படி. விளக்கக் கடிதத்தில் பாஸ்வேர்டைச் சொன்னது என் தவறு என்று எழுதினேன். யாரிடம் சொன்னேன் என்பதையும் எழுதினேன். இருவருக்கும் மெமோ வந்தது.

நான்காம் நாள் அவன் என் மேசைக்கு வந்தான்.

"பேர எழுதிக் குடுத்துட்டியே மச்சி. நீ இப்டி பண்ணுவேன்னு நான் நெனைக்கவேயில்ல."