நிற்காத செயின் வண்டி

சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின் பூட்டிய அந்தப் பழைய டிராக்டரைக் கலசப்பாக்கத்தில் வாங்கும்போதே பிஸ்டன் உடைந்திருந்தது. தெரிந்தேதான் விவசாயி சின்னக்குழந்தை வாங்கினார். பாறை கிடக்கும் அவருடைய மலைச் சரிவில் வேறு வண்டி ஏறாது. கல்லைப் புரட்டிப் போடாவிட்டால் இந்த மழைக்கும் சாமை விதைக்க முடியாது. போன வருசமே கொல்லை தரிசு. புளி விற்றதெல்லாம் இஞ்சினுக்குள் போய்விட்டது. இன்னொரு தடவை உடைந்தால் காயலான் கடைதான்.

செங்கத்திலிருந்து வந்த மெக்கானிக் சிங்காரம் புது பிஸ்டனைப் போட்டு முடித்தார். "ஆயில ஊத்தி வைணா, டீ குடிச்சிட்டு வர்றேன்."

சின்னக்குழந்தை குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கேனைத் தூக்கினார். சாமி காரியத்துக்குத் தானியம் அளந்தால் அந்த ஊரில் படியை மேலே வழித்துத் தலைதட்ட மாட்டார்கள், குவித்துத்தான் போடுவார்கள். முதல் ஆயிலும் சாமி காரியம்தானே? தளும்பத் தளும்ப ஊற்றினார்.

சிங்காரம் வந்து ஸ்டார்ட் செய்தார். வண்டி இருமியது, பிடித்துக்கொண்டது. பக்கத்து அடுப்பில் படையலுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு புருசனைப் பார்த்துச் சிரித்தாள்.

சத்தம் தானாக ஏறியது. சிங்காரம் நிறுத்தும் கம்பியை இழுத்தார். நிற்கவில்லை. டீசல் குழாயை அடைத்தார். அப்போதும் ஏறிக்கொண்டே போனது. நீலப்புகை கொல்லையை மூடியது.

"இன்னாணா ஊத்தி வெச்சிருக்கே? டீசல் இல்லாம ஆயிலையே குடிச்சிக்கினு ஓடுது! வெடிச்சிரும், தள்ளிப் போங்க!"

"நிறுத்துப்பா!"

"காத்த அடைச்சாத்தான் நிக்கும்! யாரு கிட்ட போவறது?"

காற்று இழுக்கும் குழாய் மேலே வாய் திறந்து ஊளையிட்டது. சின்னக்குழந்தை தோளிலிருந்த துண்டை உருவினார்.

"துணி வாணாம், உள்ள இழுத்துக்கும்!"

அம்மாக்கண்ணுவின் கையிலிருந்த வடிதட்டைப் பிடுங்கினார். "ஐயோ, போவாதய்யா!" என்று அவள் அலறினாள். அவர் நடுங்கும் செயின் மேல் கால் வைத்து ஏறி, அந்த மரத்தட்டைக் குழாய் வாயில் இரண்டு கையாலும் அமுக்கினார். தட்டு கப்பென்று ஒட்டிக்கொண்டது. வண்டி உலுக்கியது. "தாயே, தாயே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முக்கிவிட்டு நின்றது.

சூடு தணிந்ததும் சிங்காரம் கடப்பாரையைக் கொடுத்து இஞ்சினைச் சுழற்றப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி நெம்பினார், மெல்லச் சுழன்றது.

"பொழச்சிக்கினுச்சி. ஏண்ணா இவ்ளோ ஊத்தினே?"

"சாமிக்கு ஊத்தறதுல கொற வெக்கலாமா?"

"ஆயில் அளக்கற கம்பியில கோடு போட்டு வெச்சிருக்கான், பாரு. ஒன் சாமி பொறுத்துக்கும், இது பொறுக்காது."

கோட்டுக்கு மேலிருந்த ஆயிலை வடித்தார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது எல்லாரும் தள்ளியே நின்றார்கள். வண்டி ஒரே சீராக ஓடியது. சின்னக்குழந்தையின் முகம் தெளியவில்லை.

"நிறுத்திக் காட்டு," என்றார்.

சிங்காரம் கம்பியை இழுத்தார். சொன்ன பேச்சு கேட்டு நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.