மலைச் சைக்கிளுக்கு மலையில் உத்தரவாதம் இல்லை

நாற்பது வயதைக் கடந்த பாடசாலை ஆசிரியன் ஒருவன், வேட்டியை மடித்துக் கட்டி, கழுத்தில் மாலையோடு, பதுளைக் கடைவீதி இறக்கத்தில் புத்தம் புதிய சைக்கிளோடு போய்க் கருவாட்டுக் கடைக்குள் விழுந்த செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியன் நான்தான். மாலை சைக்கிளுக்காக வாங்கியது. கைப்பிடிக்குப் பெரிதாக இருந்ததால் என் கழுத்துக்கு வந்தது.

அன்று அக்காவின் கடைக்குக் கியர் வைத்த புதுரகச் சைக்கிள் வந்திருந்தது. முதல் ஓட்டம் நான் ஓட்டவேண்டும் என்று அடம்பிடித்தேன். காலையிலிருந்து தூறல். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் அதைப் பொருட்படுத்தவில்லை. கீரிமீன் கருவாட்டுக் குவியலிலிருந்து என்னைத் தூக்கியெடுத்த பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரர், ஊரே நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், "மாஸ்டர், இன்னும் கடை தொறக்கவே இல்லியே" என்றார். வீதியே சிரித்தது. நானும் சிரித்தேன். அசையாமல் நிற்கும் பொருள்களிலிருந்தே விழுந்து பழகியவன் நான். ஆகவே சைக்கிளை யாரும் சந்தேகிக்கவில்லை.

அக்காவின் முதலாமாண்டு நினைவு மலரில் என் விழுப்புண் எதற்கு என்று கேட்பீர்கள். அக்காவின் கடைசிச் சண்டை அந்தக் கருவாட்டுக் குவியலில்தான் தொடங்கியது. அதைச் சொல்லாமல் "பொறுமையின் சிகரம்" என்று எழுதித் தரும்படி உறவினர்கள் சிலர் கேட்டார்கள். மலைநாட்டில் இருப்பவர்கள் சிகரம் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. இருந்திருந்தால் நம்மில் பலருக்கு வசதியாக இருந்திருக்கும்.

அக்கா மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறித்தார். ஐந்தாம் வகுப்போடு அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், என்னைப் படிக்க வைப்பதற்காக. அந்த முதலீடு எப்படிப் போனது என்பதை மேலே பார்த்தீர்கள். அறுபதுகளின் நடுவில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் தோட்டத்தை விட்டு வந்து பதுளையில் சைக்கிள் திருத்தும் கடை போட்டிருந்தார். எங்கள் ஊரில் சைக்கிள் என்பது பாதி வழி ஏறிப் போவதற்கும் பாதி வழி தள்ளிப் போவதற்கும் உரிய வாகனம். தபால்காரர், ரொட்டி கொண்டுவரும் பாண்காரர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, இவர்கள் மூவரும் ஓட்டித் தேய்ப்பதைத் திருத்தியே அத்தான் குடும்பம் நடத்தினார்.

எழுபதுகளில் இறக்குமதி மூடிக் கிடந்தது. டயரும் இல்லை, ட்யூபும் இல்லை, கடைசியில் அத்தானும் இல்லை. நெஞ்சில் சளி கட்டி ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அக்கா கடையைத் திறந்தார். கிழிந்த டயரை உள்ளே துண்டு வைத்துத் தைத்தார். அப்போது ஹல்துமுல்லையிலிருந்து வந்த எங்கள் பெரியப்பா கடை வாசலில் நின்றுகொண்டு, "பொம்பளப்புள்ள கிரீஸ் கையோட கடையில ஒக்காந்தா, நாளைக்கு எவனாவது எங்க வீட்டுல பொண்ணு எடுப்பானா?" என்று கேட்டார்.

"எடுக்க மாட்டான் பெரியப்பா. நீங்க கொண்டுவந்த ட்யூப ஒட்டவா, வேணாமா?"

"ஒட்டு."

பெரியப்பா இன்றும் நலமாக இருக்கிறார். இந்த மலர் அவர் கையிலும் இருக்கும். காபி ஆறுவதற்குள் இந்தப் பக்கத்தை முடித்துவிடலாம் பெரியப்பா.

இறக்குமதி திறந்த பிறகு கொழும்புக் கம்பெனி ஒன்று அக்காவைப் பதுளை முகவராக்கியது. கடை நிமிர்ந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மலர் போதாது, எழுதுகிற என் கைக்கும் நல்லதல்ல. நானா தம் கருவாட்டுக் கடையின் பாதியைப் பலகை வைத்து அடைத்து, "தங்கச்சி, வாசம் புடிக்காட்டியும் கூரை புடிக்கும், இருங்க" என்று அக்காவுக்குக் கொடுத்தார். சாமான் எரிந்தது, பெயர்ப்பலகை எரிந்தது. அக்காவிடம் மிஞ்சியது, "அந்தம்மா சொன்னா சரியா இருக்கும்" என்று தோட்டங்களில் இருந்த ஒரு பேச்சு. அதை வைத்துத்தான் மறுபடி வியாபாரம் தொடங்கினார்.

அதன் பிறகு சில வருடம் கழித்து அந்தப் புதுரகம் வந்தது. தடித்த டயர், பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பற்சக்கரம், பளபளக்கும் இரும்புச் சக்கர விளிம்பு. விளம்பரத் தாளில் ஒரு வெள்ளைக்காரன் பனிமலை உச்சியில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றான். ஓட்டாமல் ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று அப்போதே கேட்டிருக்கலாம். பெயர் மவுன்டன் பைக். தள்ளாமல் மேடு ஏறலாம் என்று அக்கா சொன்னார். அது உண்மை. அக்கா சொன்னதால் தோட்டத்து ஆட்கள் கடன் வாங்கியும் வாங்கினார்கள்.

முதலில் வாங்கியவர் ராமையா கணக்கப்பிள்ளை. மடுல்சீமைப் பாதையில் மழைக்குள் இறங்கி வந்தவருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கின் ரப்பர்க் கட்டை ஈர விளிம்பில் வழுக்கிக்கொண்டே போக, வளைவில் பாதை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போனார்கள். தேயிலைச் செடிகள் பிடித்துக்கொண்டன. தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அக்காவிடம் அவர் சொன்னது இதுதான்: "நீங்க சொன்னீங்கன்னுதான் தங்கச்சி வாங்குனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார்.

அன்று மாலை அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு என்னை வரச்சொன்னார். கடையிலிருந்த புதுச் சைக்கிள்களின் சக்கரத்தை நனைத்து ஒவ்வொன்றாய்ப் பிரேக் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கி நீ கருவாட்டுல விழுந்தது ஒன் தப்பு இல்லடா" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

கம்பெனிக்கு நான் ஆங்கிலத்தில் மூன்று கடிதம் எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாத கடிதங்கள். பதில் இல்லை. கடைசியில் பிரதிநிதி வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய, மரியாதையான இளைஞர். நனைத்த சக்கரத்தைத் தாமே சுற்றிப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். சக்கரம் நிற்காததையும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து உத்தரவாத அட்டையை எடுத்தார்.

"அக்கா, இதுல பாருங்க. சாதாரண வீதியில ஓட்டினா மட்டும்தான் கேரண்டி."

"மடுல்சீமை ரோடு என்னா ரோடு தம்பி?"

"அது மலை ரோடு அக்கா."

"சைக்கிளு பேரு என்னா?"

"மவுன்டன் பைக்."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்பிடின்னா?"

"மலைச் சைக்கிள்" என்றேன்.

"மலைச் சைக்கிள மலையில ஓட்டக்கூடாதா?"

"தாராளமா ஓட்டலாம் அக்கா. கேரண்டி மட்டும் கிடையாது."

"அப்ப பேரு?"

"பேரு ஒரு பேருக்குத்தானே அக்கா."

நானா பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, நாங்க கருவாட்டக் கருவாடுன்னு சொல்லித்தான் விக்கிறோம்" என்றார்.

பிரதிநிதி புன்னகைத்தார். கம்பெனி ஒரே ஒரு விபத்தை வைத்து முடிவெடுக்க முடியாதாம். அக்கா என்னைக் கைகாட்டி, இவனும் விழுந்தான் என்றார். பிரதிநிதி என் கண்ணாடியையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாஸ்டருக்கு ஓட்டப் பழக்கம் காணாது" என்றார். நான் நிறையப் படித்தவன். அந்த நேரத்தில் படித்த எதுவும் வாய்க்கு வரவில்லை. இன்றைக்கு வருகிறது, நிறைய வருகிறது. ஆனால் இது பெண்களும் வாசிக்கும் மலர்.

கொழும்பில் நாற்காலியில் இருந்துகொண்டு, எங்கள் ஊவா மாகாணத்தின் வீதிகள் சாதாரண வீதிகள் அல்ல என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குச் சாதாரணம் என்பது கடலோரச் சமதரையான காலிமுகத்திடல். நாங்கள் பிறந்ததும் பெண் கொண்டதும் பிணம் தூக்கியதும் அசாதாரண வீதிகளில். எங்களிடம் விற்பதற்கு மலை வேண்டும், பொறுப்பேற்கும்போது மட்டும் தரை சமமாக இருக்கவேண்டும். இரண்டு வருடமாக இதை எண்ணி எண்ணிக் கோபப்படுகிறேன். இன்னும் தீரவில்லை.

அக்கா கோபத்தோடு நின்றுவிடவில்லை. விற்ற சைக்கிள்களை ஒவ்வொரு தோட்டமாக ஆள் அனுப்பித் திருப்பி எடுத்தார். பதிலுக்குக் கடையிலிருந்த பழைய சைக்கிள்களைத் திருத்திக் கொடுத்தார். திருப்பி எடுத்தவற்றைக் கடை வாசலில் வரிசையாக நிறுத்தி, அட்டையில் என்னை எழுதச் சொன்னார்: "இந்தச் சைக்கிள் ஏறும். நிற்காது." கையெழுத்து என்னுடையது, நடை அக்காவுடையது. நான் எழுதியவற்றில் ஊர் முழுக்க வாசித்தது அது ஒன்றுதான்.

நம்மவர்கள் வந்தார்கள். அக்காவுக்குத் துணை நிற்பதற்கு அல்ல, புத்தி சொல்வதற்கு. "பெரிய எடத்தோட ஏன் மோதுற? பேசாம வித்துட்டுப் போ" என்றார்கள். பெயர் எழுதவில்லை, இடம் போதாது. கம்பெனி முகவர் பதவியைப் பறித்து, பண்டாரவளையில் வேறொருவருக்குக் கொடுத்தது. அடுத்த முறை வந்த சைக்கிளில் வேறு ரப்பர், வேறு விளிம்பு. விளம்பரத் தாளில், "மலைநாட்டு வீதிகளுக்கென்றே மேம்படுத்தப்பட்ட பிரேக்." அக்காவின் சைக்கிள்களை மட்டும் மாற்றித் தரவில்லை. அவை வாசலிலேயே துருப்பிடித்தன. அக்கா மீண்டும் ட்யூப் ஒட்டினார். அடுத்த வருடம் நெஞ்சுவலி வந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது நடைபாதை கொஞ்சம் சரிவு. சக்கரக் கட்டில் வேகம் பிடித்தது. அக்கா கண்ணைத் திறந்து, "தம்பி, இதுக்குப் பிரேக் இருக்கா?" என்றார். தள்ளியவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். இருக்கிறது என்று குனிந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் கண்ணை மூடினார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

கடைசி நாட்களில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், கூரையில் பாதியைக் கொடுத்த நானாவுக்கும், சரியாகச் சேராத தோளை வைத்துக்கொண்டு யார் தடுத்தும் கேட்காமல் பாடையில் ஒரு பக்கம் பிடித்த ராமையா கணக்கப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. "நீங்க சொன்னீங்கன்னுதான்" என்பதை அவர் அன்று வேறு விதமாகச் சொன்னார்: "அந்தம்மா சொன்னது ஒண்ணு பொய்யாப் போச்சுன்னு அந்தம்மாவே வந்து சொன்னாங்க. வேற யாரு சொல்லுவா?"

இந்த மலர் அச்சாவது கேள்விப்பட்டு, கம்பெனி பின்னட்டை முழுவதற்கும் ஓர் அனுதாபச் செய்தி அனுப்பியது. "எமது நீண்டகால, நம்பிக்கைக்குரிய பதுளை முகவரின் மறைவுக்கு" என்று தொடங்கி, கீழே அந்த மலைச் சைக்கிளின் படத்தோடு முடிந்தது. அச்சுச் செலவு முழுவதையும் ஏற்பதாகவும் சொன்னார்கள். போடலாம் என்று குடும்பத்தில் பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. பின்னட்டை வெறுமையாக இருப்பது அச்சகத்தாரின் தவறல்ல. அது அக்காவின் பக்கம். அப்படியே இருக்கட்டும்.

அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியை நானாவிடம் கொண்டுபோய், கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலரை வாங்கித் திருப்பினார். வெறுமையான பின்னட்டையை விரலால் நீண்ட நேரம் தடவிப் பார்த்தார். நான் ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

"நல்ல வேல செஞ்சீங்க மாஸ்டர்" என்றார். "மை இல்லாத பக்கம்னா கருவாடு சுத்திக்குடுக்க நல்லம்."

(நானா சொன்ன இந்தக் கடைசி வரிகளை அச்சகத்தார் கடைசி நேரத்தில் சேர்த்துத் தந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.)