ஸ்க்ரூவில் தொங்கிய வீடு

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குத் தேனியில் என் மர மில் எங்கே என்று கேட்டால், ஆட்டோக்காரர் வாடகை பேசாமலே ஏற்றிக்கொள்வார். இதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு ஓடாது.

என் சம்மந்தி ஏலக்காய் வியாபாரி. கோம்பைக்கு அங்கிட்டு, மலையடியில், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மரத்திலேயே வீடு கட்டினார். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, சுவர் கனத்துக்குச் செய்த பாளங்கள் லாரியில் வந்து இறங்கின. சிமெண்டு கிடையாது. ஒரு பாளத்தை இன்னொன்றோடு பிடித்து நிறுத்துவது முழங்கை நீள ஸ்க்ரூதான். முன்வாசல் தளமும் ஆள் உயரத்தில், ஸ்க்ரூவை நம்பித்தான் நின்றது.

"ஓட்டை மெல்லிசா போடுங்க, மெஷினை மெதுவா ஓட்டுங்க" என்று எஞ்சினியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பால்காய்ச்சுக்கு நாள் நெருங்கியதும் சம்மந்தி ஆட்களை விரட்டினார். வேகத்தில் முறுக்கியதில் ஸ்க்ரூக்களின் தலை முறிந்தது. அதற்கு மருந்து சம்மந்தியே கண்டுபிடித்தார்: ஸ்க்ரூ கனத்துக்கே ஓட்டை!

பால்காய்ச்சு அன்று காலையில் என்னிடமே பெருமையடித்தார்.

"வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குச்சு சம்மந்தி."

"வெளிய வாரதும் அப்படித்தான் வரும். மரை கடிக்க மரம் வேணாமா?"

"நீங்க பழைய காலத்து ஆளு."

இடுப்பில் என் பேரன், கையில் பால்பானையோடு என் மகள் கல்படி ஏறினாள். அந்த வீட்டு மருமகள், முதல் கால் அவள்தான் வைக்க வேண்டுமாம். நான் குறுக்கே நின்றேன்.

"பொண்ணக் குடுத்தவுக நல்ல நேரத்துல மறிக்கலாமா?" என்று சம்மந்தி முறைத்தார்.

"மறிக்கல. வீட்டுக்காரர் நீங்க மிதிச்சுக் காட்டுங்க, அப்புறம் என் மக ஏறட்டும்."

கூட்டமே பார்த்தது. மனுசன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைக் கல்படியிலேயே வைத்துக்கொண்டு, மறுகாலால் தளத்தை ஓங்கி மிதித்தார்.

"இரும்பு!" என்றார்.

இன்னொரு மிதி. தளம் முனகிக்கொண்டு சுவரை விட்டு ஒரு சாண் இறங்கியது. ஸ்க்ரூக்கள் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்தன. சம்மந்தி என் துண்டைப் பிடித்துத் தொங்கினார். துண்டு நல்ல துண்டு, நான் வாங்கியது.

நல்ல நேரம் முடிவதற்குள் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டிப் பால் காய்ச்சினோம். சம்மந்திக்கு அதற்குள் மூச்சு திரும்பிவிட்டது.

"வெளியில காய்ச்சுனாத்தான் விருத்தின்னு ஜோசியர் அப்பவே சொன்னாக" என்று வந்தவர்களிடம் அளந்தார்.

என் மகள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் டம்ளரை நீட்டினாள்.

"உக்காந்து குடிங்க மாமா. மண்தரைதான், ஸ்க்ரூ கிடையாது."