அண்ணன் போடாத கையெழுத்து

என் அண்ணன் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். நடுவழியில் கைகாட்டி நிறுத்தி, முன்படியில் ஏறி, "எல்லாரும் டிக்கெட்டைக் கையில வச்சுக்குங்க" என்று ஒரு குரல் கேட்குமே, அது அவர்தான். டிப்போவில் அவருக்குக் 'கழுகு' என்று பெயர். வீட்டிலும் அப்படியே கூப்பிடலாம், தப்பே இல்லை. பால்காரர் பால் ஊற்றினால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார். மருந்துக் கடையில் நின்றபடியே மாத்திரைகளை எண்ணுவார். "நல்லா இருக்கியாண்ணா" என்று நான் கேட்டால்கூட, "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார். கூடப் பிறந்தவள் நான். என்னையே நம்பாத மனுஷன் வேறு யாரை நம்பப் போகிறார்?

இருபத்திரண்டு வருடமாக அவர் காதில் விழாத பொய் இல்லை. "ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தேன் சார், காத்துல பறந்துடுச்சு." "இப்பதான் கையில இருந்துச்சு சார், சத்தியமா." ஒருவர், டிக்கெட்டைக் குழந்தை தின்றுவிட்டது என்று சொல்லி, குழந்தையின் வாயைத் திறந்து காட்டினாராம். அண்ணன் குனிந்து உள்ளே பார்த்தாராம்! எல்லாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இறங்குங்க." டிக்கெட் சரியாக இருந்தால், இடுப்பில் தொங்கும் 'பஞ்ச்' என்ற துளைக் கருவியை எடுத்து அதில் ஒரு ஓட்டை. டிக். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்தக் குணம் வேலையில் வந்தது என்று டிப்போவில் நினைக்கிறார்கள். இல்லை. எங்கள் அப்பா ஒரு பெரிய கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்தார். ஒருநாள் மேலாளர் ஒரு தாளை நீட்டி, "வருகைப் பதிவுதான், எல்லாரும் போடுறாங்க, போடுங்க" என்றார். அப்பாவின் கண்ணாடி வீட்டில் இருந்தது. போட்டுவிட்டார். மறுநாள் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாளில் எழுதியிருந்தது, 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று. அன்றைக்கு அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது.

அதிலிருந்து அவர் எந்தத் தாளையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. படித்த பிறகும் பாதிக்குப் போடுவதில்லை. கல்யாணப் பதிவேட்டில் போட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அண்ணி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அப்பாவின் கதையை அவர் தன் மகளுக்கும், அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே, பேப்பரோடு வருகிறவர்களிடம் உஷார் என்ற எச்சரிக்கையோடு சொல்லி வைத்திருக்கிறார்.

அந்த மகளை நாங்கள் மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி. மூன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது, பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காது. டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்: வருடக் கடைசிக்குள் ஒரு பக்கமாவது சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம். அண்ணி இரண்டு நாள் அழுதார். மிளகு அழவில்லை. பக்கத்தில் உட்காரும் தோழி மட்டும் நாலாம் வகுப்புக்குப் போய்விடுவாளா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

நான் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நாற்பத்தொரு பள்ளிக்கூடங்கள் எங்கள் கீழ் வருகின்றன. பிள்ளைகளின் படிப்பில் வீட்டு ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்று இந்த வருடம் மேலிடத்தில் முடிவானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் மாலையில் கால் மணி நேரம் வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முப்பது கட்டம் போட்ட அட்டையில் அன்றைய கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். சுற்றறிக்கையை டைப் செய்தது நான். நல்ல திட்டம், மிளகுக்காகவே வந்த திட்டம் என்று எனக்குச் சந்தோஷம்.

அட்டை வீட்டுக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். அண்ணன் அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"இது யார் வேலை?"

"எங்க ஆபீஸ்தாண்ணா. நான்தான் டைப் பண்ணினேன்."

"ஓஹோ. நீயும் கூட்டா?"

"பிள்ளை படிக்கறதைக் கேட்டுட்டு ஒரு கையெழுத்து. இதுல என்னண்ணா கூட்டு?"

"சொல்லிக் குடுக்கறது அவங்க வேலை. கையெழுத்து மட்டும் என்னுதா? நாளைக்குப் பொண்ணு ஃபெயிலானா இந்த அட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க. முப்பது நாளும் நீங்கதானே சார் போட்டீங்கன்னு கேப்பாங்க. யார் காதுல பூ சுத்தற?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் போன வாரக் கூட்டத்தில் எங்கள் அதிகாரி, "எப்படியும் கார்டு இருந்தா நாம சேஃப்" என்று சிரித்துக்கொண்டே சொன்னதை என் காதால் கேட்டிருந்தேன். அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

அண்ணிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மாலை ஷிப்டு. அதனால் உட்கார்ந்து கேட்க வேண்டியவர் அண்ணன்தான். "கையெழுத்து போடாட்டி போங்க, பிள்ளை படிக்கறதையாவது காது குடுத்துக் கேளுங்க" என்று அண்ணி சத்தம் போட்டார். அண்ணன் எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த பெல்டிலிருந்து பஞ்சை எடுத்து வந்தார்.

"நான் கேட்டதுக்கு அடையாளம் இது. இதுக்கு மேல என்கிட்டேயிருந்து ஒண்ணும் கிடைக்காது."

மாதக் கடைசியில் அட்டைகள் எங்கள் அலுவலகத்துக்குச் சாக்குப் பையில் வந்தன. நானும் இன்னும் இரண்டு பேரும் கொட்டி எண்ணினோம். எண்ண எண்ண அதிகாரியின் முகம் சுருங்கியது. பாதி அட்டைகளில் முப்பது கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே நாளில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள், குழந்தைக்கும் தெரியும். அந்தக் குவியலில் ஒரு அட்டை சல்லடை மாதிரி கிடந்தது. முப்பது கட்டம், முப்பது ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் ஒரு சின்னப் பிசிறு. அண்ணனின் பஞ்சில் பல் உடைந்து நாலு வருடம் ஆகிறது.

"இது என்னம்மா, எலி கடிச்சதா?" என்றார் அதிகாரி. நான் அதை எடுத்துக் குவியலுக்கு அடியில் செருகினேன்.

அன்றைக்கே உத்தரவு வந்தது. யாரையும் நம்ப முடியாது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், டீச்சர் ஒரு தாளில் பிழைகளைக் குறித்துக்கொள்ளட்டும், அட்டை நிறைந்திருந்தும் பிள்ளை வாசிக்காவிட்டால் பெற்றோரைக் கூப்பிடுங்கள். இதையும், அந்தத் தாளையும் டைப் செய்தவள் நான்தான். நாலாம் நாள் காலையில் மிளகின் டீச்சர் அலுவலகத்துக்கே போன் செய்தார். அவள் ஒரு எழுத்துகூட வாசிக்கவில்லையாம். உங்கள் அண்ணனைக் கையோடு கூட்டி வாருங்கள் என்றார். டிப்போவுக்குப் போய், பணியில் இருந்தவரைச் சீருடையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில், பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தோம். நான் சும்மா இருப்பேனா?

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுண்ணா. பிள்ளை படிச்சாளா, நீயா முப்பதையும் டிக் டிக்குனு போட்டியா?"

"படிச்சா. தினமும் படிச்சா. மனப்பாடமா இருக்குமோன்னு நடுப்பக்கத்துலேர்ந்து படிக்கச் சொன்னேன். பேப்பர்ல விளம்பரத்தைப் படிக்கச் சொன்னேன். எல்லாம் படிச்சா. சத்தியமா."

"அப்ப இங்க ஏன் படிக்கல? காத்துல பறந்துடுச்சா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணனின் முகம் சட்டென்று வெளுத்தது. அவர் இடுப்புப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

உள்ளே டீச்சர் இன்னும் மோசம். அண்ணன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லா அப்பாவும் இதையேதான் சொல்றாங்க சார்" என்றார். என்ன பதில் சொல்வார் அண்ணன்? இருபத்திரண்டு வருடமாக அவர் ஊருக்கே சொன்னது அல்லவா அது.

மிளகைக் கூப்பிட்டார்கள். டீச்சர் புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். மிளகு புத்தகத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"படி கண்ணு" என்றார் அண்ணன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் பக்கத்தில் போய் மண்டி போட்டார். அவள் அவர் காதில் ரகசியம் சொன்னாள். மிளகின் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"எழுதறாங்கப்பா."

"யாரு?"

"டீச்சர். நான் படிச்சா பேப்பர்ல எழுதறாங்க. பேப்பரை வச்சு எழுதறவங்க முன்னாடி வாயைத் திறந்தா தாத்தா மாதிரி ஆயிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

ஐயோ என்று இருந்தது எனக்கு. டீச்சரின் பேனா அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் மண்டி போட்டபடியே இருந்தார். பொய் சொல்லாத இரண்டு பேரை அந்த அறையில் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. அந்த வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் எழுதல சார், பேனாவை வச்சுடறேன்" என்றார் டீச்சர் மெதுவாக.

"வேணாம் டீச்சர். நீங்க எழுதுங்க, எழுதத்தான் வேணும். இந்த வருஷம் பேனாவை வச்சுடுவீங்க, அடுத்த வருஷம் வேற டீச்சர் வருவாங்க." எழுந்தார். "இதுல நான் கையெழுத்துப் போடற இடம் இருக்கா?"

தாளின் அடியில் இருந்தது. நான் டைப் செய்த தாள்தானே, எனக்குத் தெரியாதா? மேலே இரண்டு வரி, கீழே பெற்றோர் கையொப்பம். அண்ணன் தாளை வாங்கினார். கண்ணாடியை எடுப்பார், மூன்று முறை படிப்பார், மதியம் ஆகிவிடும் என்று நான் காத்திருந்தேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. டீச்சரின் பேனாவையே வாங்கி, இரண்டு இனிஷியலோடு முழுப் பெயரையும் போட்டார். போட்டு, தாளை மகளிடம் காட்டினார்.

"பாரு. அப்பா போட்டுட்டேன். என்ன எழுதியிருக்குன்னுகூடப் பாக்கல."

"கண்ணாடி போடலையா?"

"போடல. இவங்க நம்ம ஆளுங்க கண்ணு."

"நிஜமா?"

"நிஜமா."

மிளகு நம்பிவிடுவாளா, யார் பெண்? தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பின்பக்கம் பார்த்தாள். பிறகுதான் அதை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்து, புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்தாள். முதல் வரி எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டாம் வரி எனக்குக் கேட்டது. நாலாம் வரியில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சரின் பேனா இரண்டே இடத்தில்தான் அசைந்தது. பக்கம் முடிந்ததும் அண்ணனின் விரல் அவரை அறியாமலே பஞ்சை அழுத்தியது. டிக். மிளகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நாலாவதுக்குப் போகலாம்" என்றார் டீச்சர். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணா. மனசுல வச்சுக்காதே."

அவர் படியருகில் நின்று குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"என் குழந்தை வாசித்ததை நான் உடனிருந்து கேட்டேன். அவ்வளவுதாண்ணா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லண்ணா. சத்தியமா."

டிக்கெட் இல்லாதவனைப் பார்ப்பது போல என்னை நிறுத்தி வைத்துப் பார்த்தார். எனக்கே பயமாகப் போய்விட்டது. "சரி, நம்பறேன்" என்று சொல்லிப் படியிறங்கினார். மூன்று படி இறங்கியதும் நின்று திரும்பினார்.

"அதோட ஜெராக்ஸ் ஒண்ணு கிடைக்குமா?"