முன்காம்பு

நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்த அந்த அம்மா, ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு நேரே தன் பன்றிக் கொட்டகைக்குத்தான் வருவார். கலப்பினக் குட்டிகளின் வளர்ச்சியைக் கணக்கெடுக்கும் கால்நடை மருத்துவராக நான் அங்கே தராசோடு போய்வந்தேன். ஒருநாள் அங்கே பிறந்திருந்த பத்துக் குட்டிகளில் ஒன்று என் உள்ளங்கை அளவே இருந்தது. பிழைக்காது என்றேன்.

அவர் அதைத் தூக்கி, பால் அதிகம் சுரக்கும் முன்காம்பில் வைத்து, மற்றவை தள்ளிவிடாதபடி கையால் அணைத்துக்கொண்டார்.

"ஆயி அப்பன் எந்த ஜாதின்னு எழுதிக்கினீங்க. எந்தக் காம்புல குடிக்குதுன்னு எழுதலியேம்மா?"

"ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லீங்க."

"அப்ப அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பால் மறக்கவைத்த நாளில் அது கூடப்பிறந்தவற்றின் எடையை எட்டியிருந்தது. அவர் தராசைப் பார்க்கவில்லை. அதன் காதோரம் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தார். அந்த எடையில் தாய் தகப்பன் கொடுத்தது எவ்வளவு, அவர் கை கொடுத்தது எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.