"எதுக்கு?" என்று கேட்பவள்

சாவியக்கா வருவதற்கு முன்னால் அவள் சத்தம் வந்துவிடும். இடுப்பு வளையத்தில் வீட்டுக்கொரு சாவி. "மகாராணி கஜானாவோட வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்று டீக்கடையில் கிண்டல் அடிப்பார்கள். கஜானாவில் இருப்பது பூச்சிமருந்து என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் சுகாதார நிலையத்தின் களப்பணியாளர். மனம் வெறுத்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுக்கும் திட்டம் வந்தது. அதிகாரிகள் பெட்டி கொடுத்தார்கள், பக்கத்தில் ஆளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், வண்டி ஏறிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அவள் போய்ப் பார்த்தால், பெட்டிக்குள் கல்யாண ஆல்பமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும். மருந்து பழையபடி பரண்மேல்.

"இவ்வளவு நல்ல பெட்டியில விஷத்தையா வைப்பாங்க? போக்கா!" என்று தையல்காரி சிரித்தாள்.

இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பரணைப் பார்த்தபோது அங்கே தம்பி உட்கார்ந்திருந்தான்.

எந்த வீட்டுப் பரணைப் பார்த்தாலும் அவன்தான். அப்பாவிடம் திட்டு வாங்கி, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன். கை நீட்டினால் மருந்து டப்பா. அவள் கிணற்றடியிலிருந்து குடத்தோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த டப்பா இரண்டு தெரு தள்ளி இருந்திருந்தால்? அவன் கோபம் அவ்வளவு தூரம் நடக்காது. பாதி வழியிலேயே பசி வந்துவிடும்.

நிலையத்தில் சண்டை போட்டு, பின்கட்டில் சும்மா கிடந்த அறையை வாங்கினாள். எல்லாப் பெட்டியும் அங்கே வர வேண்டும், சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்றாள். "என் மருந்துக்கு இவகிட்ட மனு போடணுமா?" என்று ஆண்கள் குதித்தார்கள். அவர்களிடம் அவள் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. "பிள்ளை தவழுதுல்ல? பரண்ல இருந்து சொட்டினா என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு பெட்டியாக வந்து சேர்ந்தது.

ஒரு மத்தியானம் நெட்டையன் வந்தான். தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். முந்தின வாரம்தான் வெள்ளம் அவன் வயலை வழித்துக்கொண்டு போயிருந்தது.

"அக்கா, சாவி."

"எதுக்கு?"

"மருந்து அடிக்கத்தான். தலைக்குத் தேய்க்கவா?"

"வயல்ல என்னடா மிச்சம் இருக்கு?"

"மேட்டுல கொஞ்சம் மிளகாய் தப்பிச்சிருக்கு."

தோளில் தெளிப்பான் இல்லை. காலில் செருப்பு இல்லை. பார்வை சாவி வளையத்தை விட்டு நகரவில்லை. மாட்டேன் என்றால் 'என்மேல சந்தேகமா?' என்று கொதிப்பான், நாளைக்கு ஆளாளுக்குப் பெட்டியைத் திரும்பக் கேட்பார்கள். கொடுத்தால்?

"சரி, நட. மிளகாயைப் பார்த்துட்டு வந்து எடுத்துத் தர்றேன்."

"மிளகாயைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"அரைக்கத் தெரியும். நட."

வரப்பில் அவன் முன்னால், அவள் பின்னால். அவளுக்கும் பின்னால் ஈர மண்ணில் இன்னொரு காலடி, சப் சப் என்று. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவன் நின்றுவிடுவானோ என்று பயம். முன்னால் போகிறவனா, பின்னால் வருகிறவனா, எவன் என்று அவளுக்கே தெரியவில்லை. வாயை மட்டும் மூடாமல், வாத்தியார் நாற்காலியில் நெட்டையன் பசை தடவிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் சிரிக்கவில்லை.

மதகு வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கலங்கல் தண்ணீரை வெகுநேரம் பார்த்தான். அவளும் பேச்சை நிறுத்தினாள். பின்னால் கேட்ட காலடியும் நின்றது.

"அக்கா, பசிக்குது" என்றான்.

இடுப்புச் சாவிகள் கலகலத்தன. அவள் அவற்றை உள்ளங்கையில் அள்ளி இறுகப் பிடித்தாள்.

"எனக்கும்தான்டா. வா, வீட்டுக்குப் போகலாம்."

மேட்டில் மிளகாய் இருந்ததா என்று அவள் இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை. மறுநாளே அவனை அவன் மனைவியோடு கூட்டிப்போய் நிலையத்து நர்சம்மா முன்னால் உட்கார வைத்தாள். மதகிலிருந்து திரும்பிய அன்று, தன் வீட்டில் அவனுக்கும் தனக்கும் சோறு போட உட்கார்ந்தபோது மட்டும், அவள் கை தானாக மூன்று தட்டு வைத்தது. நெட்டையன் பார்த்தான், பள்ளிக்கூட பெஞ்சில் போல நகர்ந்து இடம் விட்டான். மூன்றாவது தட்டை அவள் எடுக்கவில்லை.